அவசரப்பட்டது பாட்டியோட தப்பு இல்ல

1.
இன்னைக்கு சுகர் இல்ல, பிரஷர் இல்ல, டெங்குவும் இல்ல. ரயில்ல ஏறி இறங்குறதைப் பத்திப் பேசப்போறேன். "டாக்டருக்கு ரயில்வேல என்ன வேலை?"ன்னு கேட்பீங்க. ஏறும்போது விழுந்தவங்க கடைசியில வந்து சேர்றது எங்க மேஜைக்கு முன்னாடிதான். அதனால எங்களுக்கும் அங்க வேலை இருக்கு.

இழை கொஞ்சம் நீளம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரங்க முழுசா படிங்க. வீட்ல 60 வயசு தாண்டினவங்க இருந்தா, நீங்க எந்த ஊரா இருந்தாலும் படிங்க.

2.
ஒரு அம்மா. வயசு 68. சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணித் தறியில முப்பது வருஷம் நின்னு வேலை பார்த்தவங்க. அடுத்தவங்க காயத்துக்குத் துணி நெய்தே மூணு பிள்ளைகளைக் கரையேத்தினவங்க.

சென்னையில மகன் வீட்டுல பேத்திக்குக் காதுகுத்து. நைட்டு ரயில். எந்த ஸ்டேஷன், எந்த வண்டின்னு நான் சொல்லப்போறதில்ல. இது ஒரு ஸ்டேஷன் கதை மட்டும் இல்ல.

டிக்கெட்ல இருந்த பெட்டி, அவங்க நின்ன இடத்துல நிக்கல. தள்ளிப்போய் நின்னுச்சு. இருட்டுல ஓட்டம். ஒரு கையில துணிப்பை, இன்னொரு கையில பால்கோவா டப்பா. வலது காலைப் படியில வச்சாச்சு. இடது காலைத் தூக்க முடியல. பின்னால யாரோ "ஏறுங்கம்மா, வண்டி கிளம்பிரும்"னு சத்தம். அப்படியே மல்லாக்க பிளாட்பாரத்துல விழுந்துட்டாங்க. இடது இடுப்பு எலும்பு முறிஞ்சுபோச்சு.

3.
படுக்கையில கிடந்துக்கிட்டு அவங்க என்கிட்ட முதல்ல சொன்னது வலியைப் பத்தி இல்ல.

"என் மேலதான்யா தப்பு. கொஞ்சம் நிதானமா ஏறியிருக்கணும். அவசரப்பட்டுட்டேன்."

மகன் போன்ல: "அம்மாவுக்கு எப்பவுமே அவசரம் சார். எத்தனை தடவை சொல்றது?"

கூட வந்த பக்கத்து வீட்டுக்காரர்: "இந்த வயசுல தனியா எதுக்கு டாக்டர் பயணம்?"

மூணு பேரும் நல்லவங்க. மூணு பேரும் ஒரே குற்றவாளியைத்தான் பிடிச்சாங்க. விழுந்த அந்த அம்மாவை. படி உயரமா இருந்துச்சே, வெளிச்சம் இல்லையே, வண்டி நின்னது எவ்வளவு நேரம்னு ஒருத்தர்கூட கேட்கல.

4.
இந்த இழையில நான் சொல்ல வர்றது ஒண்ணுதான்.

ரயில், பஸ்ல ஏறும்போது வயசானவங்க விழுறதுக்கு "கவனக்குறைவு"ன்னு பேர் வைக்கிறோம். ஒரு மருத்துவரா எனக்கு அந்த டயக்னோசிஸ் தப்பாத் தெரியுது. உயரம், நேரம், வெளிச்சம், இடைவெளி. இந்த நாலும்தான் நோய். நாலும் மனுஷன் கட்டினது. மனுஷன் சரிபண்ணவும் முடியும்.

நோயைத் தப்பாக் கண்டுபிடிச்சா மருந்தும் தப்பாத்தான் போகும். "பார்த்து ஏறுங்க பாட்டி"ங்கிறது அப்படிப்பட்ட ஒரு தப்பான மருந்து.

5.
கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

நம்ம எக்ஸ்பிரஸ் பெட்டியோட தரை, தண்டவாளத்துல இருந்து ஏறக்குறைய 1.3 மீட்டர் உயரத்துல இருக்கு. அதாவது நாலு அடிக்கு மேல.

ரயில்வேயில பிளாட்பாரம் மூணு வகை. உயரமானது தண்டவாளத்துல இருந்து 76 முதல் 84 சென்டிமீட்டர். நடுத்தரம் சுமார் 45 சென்டிமீட்டர். தாழ்வானது கிட்டத்தட்ட தண்டவாள மட்டத்துலயே இருக்கும்.

அப்போ, இருக்கிறதுலயே உயரமான பிளாட்பாரத்துல நின்னாலும் பெட்டித் தரைக்கு இன்னும் ஒன்றரை அடி ஏறணும். நடுத்தரத்துல நின்னா ரெண்டே முக்கால் அடி. தாழ்வானதுல நின்னா ஏணி ஏறுற மாதிரிதான்.

பொதுக் கட்டடத்துல ஒரு படி 15 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும்னு அணுகல் வழிகாட்டு நெறிகள் சொல்லுது. ஆஸ்பத்திரி வாசல்ல 15, ரயில் வாசல்ல அதைப்போல ரெண்டு, மூணு மடங்கு. ஆனா ஏறுறது அதே முழங்கால்தான்.

6.
முழங்காலுக்கு உள்ள என்ன நடக்குது?

சாதாரண மாடிப்படி ஏறும்போதே மூட்டு மேல விழுற பாரம் உடல் எடையைப்போல சுமார் மூணு மடங்கு. 60 கிலோ எடை இருக்கிறவங்களுக்கு 180 கிலோ. படி உயரமாக ஆக முழங்கால் இன்னும் மடங்கணும், தொடைத் தசை இன்னும் இழுக்கணும்.

வயசாக ஆகத் தொடைத் தசை கரையும். அதுவும் சாப்பாட்டுல பருப்பு, முட்டை குறைஞ்ச நம்ம ஊர்ப் பாட்டிகளுக்கு இன்னும் வேகமாக் கரையும். தறியிலயும் மில்லுலயும் வயக்காட்டுலயும் நின்னே தேஞ்ச மூட்டு வேற.

தரையில இருந்து கை ஊணாம எந்திரிக்க முடியாத ஒருத்தரை, ஒன்றரை அடி படியில ஒத்தக்கால்ல உடம்பைத் தூக்கச் சொல்றோம். அதுவும் கையில பையோட.

7.
அடுத்து கண்ணு. இதை நிறையப் பேர் கவனிக்கிறதில்ல.

மேல தூரப்பார்வை, கீழ கிட்டப்பார்வைன்னு ரெண்டும் சேர்ந்த கண்ணாடி (பைஃபோகல்) போட்டவங்க குனிஞ்சு படியைப் பார்த்தா, படிக்கிறதுக்கான கீழ்ப்பகுதி வழியாத்தான் பார்ப்பாங்க. அந்தப் பகுதி புத்தக தூரத்துக்கு. காலடி தூரத்துல படியோட விளிம்பு மங்கலாத்தான் தெரியும்.

கண்புரை இருந்தா ஆழம் தெரியாது. மதுரைக்குக் கண் ஆபரேஷனுக்குப் போறவங்க எத்தனை பேர் நம்ம ஊர்ல இருந்து ரயில் ஏறுறாங்க, யோசிங்க. சிமெண்ட் கலர் பிளாட்பாரம், அதே கலர்ல நிழல், அதுக்குக் கீழ இருட்டு இடைவெளி. விளிம்புல பளிச்சுன்னு மஞ்சள் பட்டை இல்லைன்னா அவங்களுக்குப் பிளாட்பாரம் எங்க முடியுதுன்னே தெரியாது.

8.
சுகர் ரொம்ப வருஷமா இருக்கிறவங்களுக்குப் பாதம் மரத்துப்போயிருக்கும். பாதம் முழுசா படியில இருக்கா, நுனி மட்டும் இருக்கான்னு கால் சொல்லாது. செருப்பு கழண்டு விழுந்ததுகூடத் தெரியாம நடந்து வர்ற நோயாளிகளை நான் வாராவாரம் பார்க்கிறேன்.

பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்க ஒரு மணி நேரம் பெஞ்சுல உட்கார்ந்திருந்துட்டு, வண்டி வந்ததும் சட்டுன்னு எந்திரிச்சு ஓடினா தலை கிர்ருன்னு வரும். ரத்த அழுத்தம் அந்த நொடியில கீழ போகுது.

இது எதுவும் அபூர்வ வியாதி இல்ல. நம்ம ரெண்டு ஊர்லயும் 60 தாண்டினவங்கள்ல மூட்டுவலி, கண்புரை, சுகர், பிரஷர் இந்த நாலுல ஒண்ணுகூட இல்லாதவங்களைத் தேடித்தான் பிடிக்கணும். அப்போ நாம யாருக்காகப் படி கட்டியிருக்கோம்?

9.
வயசானவங்க மட்டும் இல்ல.

எட்டு மாசக் கர்ப்பிணி. வயிறு முன்னால வந்ததும் உடம்போட சமநிலை மாறிடும், தன் காலையே பார்க்க முடியாது. இடுப்புல பிள்ளையை வச்சிருக்கிற தாய்க்கு ஒரு கைதான் மிச்சம். போலியோ வந்து காலிப்பர் போட்டவங்க. சக்கர நாற்காலியில இருக்கிறவங்க. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யுறவங்க. ரயில்ல மாற்றுத்திறனாளிகளுக்குன்னு அகலமான கதவு வச்ச பெட்டி இருக்கு. நல்ல விஷயம். ஆனா அகலக் கதவுக்கும் கீழ அதே உயரம்தான். கதவை அகலமாக்கிட்டு, அந்தக் கதவுகிட்ட போய்ச் சேர வழி வைக்கல.

10.
இப்போ நேரம்.

நம்ம விருதுநகர்–தென்காசி பாதையில சின்ன ஸ்டேஷன்கள்ல வண்டி நிக்கிறது பெரும்பாலும் ஒண்ணு, ரெண்டு நிமிஷம்தான். பொதிகையில சென்னைக்குக் கிளம்புற நாள்ல ஒரு வாசல்ல எத்தனை பேர் நிப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும். இருபது பேர்னு வச்சுக்குங்க. ரெண்டு நிமிஷம்னா ஒரு ஆளுக்கு ஆறு நொடி. அதுலயும் முதல்ல இறங்குறவங்க இறங்கணும்.

மூட்டு தேஞ்ச ஒரு பாட்டிக்கு மூணு படி ஏற இருபது நொடியாவது வேணும். அவங்க அவசரப்படலைன்னா வண்டி போயிரும். அவசரப்பட்டா விழுவாங்க.

அதனாலதான் தலைப்புலயே சொன்னேன். அந்த அவசரம் பாட்டியோடது இல்ல. டைம்டேபிளோடது.

11.
"சரி, விழுந்தா ஒரு ஆபரேஷன், அவ்வளவுதானே?"

இல்லங்க. இடுப்பு எலும்பு முறிவை நாங்க ஏன் பயப்படுறோம்னு சொல்றேன். உலகம் முழுக்கப் பார்த்த கணக்குல, வயசான காலத்துல இடுப்பு எலும்பு முறிஞ்சவங்கள்ல ஏறக்குறைய அஞ்சுல ஒருத்தர் ஒரு வருஷத்துக்குள்ள இறந்துபோறாங்க. எலும்பால இல்ல. படுத்த படுக்கையா இருக்கிறதால வர்ற நிமோனியா, காலுல ரத்தக் கட்டி, படுக்கைப் புண், இதய பாதிப்பு. பிழைச்சவங்கள்லயும் நிறையப் பேர் பழைய மாதிரி நடக்கிறதில்ல.

இது பிளாட்பாரத்துல விழுந்தவங்களுக்கு. பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் நடுவுல விழுந்தவங்களைப் பத்தி நான் இங்க விவரமா எழுத விரும்பல. கால் துண்டாகி வந்த இளைஞர்களுக்கு ரத்தம் ஏத்தியிருக்கேன். அது போதும்.

12.
இனி சட்டம். "என் மேலதான் தப்பு"ன்னு சொல்ற ஒவ்வொருத்தரும் இதைத் தெரிஞ்சுக்கணும்.

ரயில்வே சட்டம் 1989, பிரிவு 124-ஏ. பயணி ரயில்ல இருந்து தவறி விழுந்தா, ரயில்வே மேல தப்பு இருந்தாலும் இல்லாட்டாலும் இழப்பீடு உண்டு. தற்கொலை, தானே ஏற்படுத்திக்கிட்ட காயம், குற்றச் செயல், போதை மாதிரி சில விதிவிலக்குகள் மட்டும்.

"ஏறும்போது விழுந்தது உங்க கவனக்குறைவு"ன்னு சொல்லி மறுக்க முடியுமா? 2018 மே மாசம் ரீனா தேவி வழக்குல உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லிடுச்சு: ஏறும்போதும் இறங்கும்போதும் விழுறதும் இதுல சேரும்; வெறும் கவனக்குறைவை "தானே ஏற்படுத்திக்கிட்ட காயம்"னு சொல்ல முடியாது.

இறப்புக்கு இழப்பீடு 2017-லிருந்து 8 லட்சம் ரூபாய். காயத்துக்கு அதன் தன்மையைப் பொறுத்து. ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயத்துல ஒரு வருஷத்துக்குள்ள மனு போடணும். டிக்கெட்டைப் பத்திரமா வைங்க. ஆஸ்பத்திரியில "எங்க, எப்படி விழுந்தாங்க"ங்கிறதைச் சரியாச் சொல்லிப் பதிய வைங்க. "வீட்ல வழுக்கி விழுந்துட்டாங்க"ன்னு மாத்திச் சொல்லாதீங்க. நிறையப் பேர் போலீஸ், கேஸ்னு பயந்து அப்படித்தான் சொல்றாங்க.

13.
உச்ச நீதிமன்றத்துக்கே புரிஞ்சது நம்ம வீட்டுக்குள்ள இன்னும் புரியலைங்கிறதுதான் என் வருத்தம்.

இன்னொரு சட்டமும் இருக்கு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016. பிரிவு 41, பஸ் நிறுத்தம், ரயில் நிலையம், விமான நிலையம் எல்லாத்துலயும் அணுகல் வசதி செய்யணும்னு அரசுக்குப் பொறுப்பு வைக்குது. பொதுக் கட்டடங்களைச் சரிபண்ண, விதிகள் வந்த 2017-லிருந்து 5 வருஷம் கெடு. அது 2022-லயே முடிஞ்சுபோச்சு.

2024 நவம்பர்ல ராஜீவ் ரதூரி வழக்குல உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேல போச்சு. அணுகல் தரங்கள் "முடிஞ்சா செய்யுங்க"ன்னு சொல்ற ஆலோசனையா இருக்கக்கூடாது, கட்டாய விதியா இருக்கணும்னு சொல்லிச்சு. அதனால இது யார்கிட்டயும் கேட்கிற சலுகை இல்ல.

14.
"எல்லாப் பிளாட்பாரத்தையும் மெட்ரோ மாதிரி பெட்டித் தரைக்குச் சமமா உயர்த்திட்டா முடிஞ்சதே?"

நல்ல கேள்வி. சென்னை மெட்ரோவுல சக்கர நாற்காலி தானா உருண்டு உள்ள போகுது. காரணம், அங்க ஒரே வகை ரயில் மட்டும்தான் ஓடுது. நம்ம பாதையில பயணிகள் ரயில், சரக்கு ரயில், சில சமயம் அளவுக்கு மீறின சரக்கு எல்லாம் ஒரே தண்டவாளத்துல போகும். பிளாட்பாரம் ரொம்ப உயர்ந்தா உரசும். பெட்டிக்கு அடியில பக்கவாட்டுல இருந்து பார்க்கிற பராமரிப்பு வேலைக்கும் இடைஞ்சல். அதனாலதான் அந்த 84 சென்டிமீட்டர் வரம்பு.

ரயில்வே பக்கத்து நியாயம் இது. ஒத்துக்கிறேன். ஆனா "முழுசா முடியாது"ங்கிறதுக்கு "ஒண்ணுமே முடியாது"ன்னு அர்த்தம் இல்ல.

15.
இங்கிலாந்துல கம்ப்ரியா பகுதியில ஹாரிங்டன்னு ஒரு சின்ன ஊர். பழைய தாழ்வான பிளாட்பாரம். முழுசா உயர்த்த அவங்களுக்கும் காசு இல்ல. என்ன பண்ணாங்க? பிளாட்பாரத்தோட ஒரு பகுதியை மட்டும், ரயில் கதவு வந்து நிக்கிற இடத்துல, ரெண்டு பக்கமும் சரிவு வச்சு ஒரு மேடு மாதிரி உயர்த்தினாங்க. 2008 கடைசியில. முழுசா உயர்த்துற செலவுல ஏறக்குறைய பத்துல ஒரு பங்கு. "ஹாரிங்டன் மேடு"ன்னே அதுக்குப் பேர் வந்துடுச்சு. அப்புறம் அந்த நாட்டுல வேற வேற ஸ்டேஷன்கள்லயும் வச்சாங்க.

தாழ்வான பிளாட்பாரம் இருக்கிற நம்ம சின்ன ஸ்டேஷன்கள்ல, மாற்றுத்திறனாளிகள் பெட்டி நிக்கிற இடத்துல மட்டுமாவது 84 சென்டிமீட்டருக்கு இப்படி ஒரு மேடு போட எது தடுக்குது? போட்டா மட்டும் போதாது, அந்தப் பெட்டி தினமும் அதே இடத்துல நிக்கவும் வேணும்.

16.
ஆஸ்திரேலியாவுல மெல்பர்ன் இருக்கு. உலகத்துலயே பெரிய டிராம் பாதை அங்கதான். பழைய டிராம்ல ரோட்டுல இருந்து படி ஏறணும். நம்ம சென்னையிலயும் 1895-லிருந்து 1953 வரைக்கும் டிராம் ஓடிச்சு, அதுலயும் ரோட்டுல நின்னுதான் ஏறினாங்க. மெல்பர்ன்ல இப்போ தாழ்தள டிராம் வாங்கி, நிறுத்தத்தையும் அந்தத் தரைக்குச் சமமா உயர்த்திக்கிட்டு வர்றாங்க. அங்கயும் எல்லாம் முடிஞ்சுடல. 2022-க்குள்ள எல்லா நிறுத்தமும் சரியாகணும்னு சட்டம் வச்ச கெடு தாண்டிப்போச்சு. வேலை இன்னும் முடியலைன்னு மக்கள் கேள்வி கேட்டுக்கிட்டே இருக்காங்க.

இதுல நமக்கு ஒரு பாடம் இருக்கு. வண்டியையும் மேடையையும் ஒரே பொருளா பார்க்கணும். புது வண்டி வாங்கி பழைய மேடையில நிறுத்தினா பாதி வசதிதான்.

வெளிநாடு வேணாமா? மும்பையில 2014-ல காட்கோபர் ஸ்டேஷன்ல ஒரு மாணவி பிளாட்பார இடைவெளியில விழுந்து ரெண்டு கையையும் இழந்தாங்க. அதுக்கப்புறம் நாடே பேசி, நீதிமன்றம் தலையிட்டு, புறநகர் பிளாட்பாரங்களை உயர்த்தினாங்க. அதே ரயில்வேதான். செய்ய முடிஞ்சுது. நம்ம ஊருக்கும் ஒரு மாணவி விழணுமா?

17.
நம்ம ஊருக்கு வருவோம்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ரெண்டு ஸ்டேஷனும் அம்ருத் பாரத் திட்டப் பட்டியல்ல இருக்கு. சந்தோஷம். முகப்பு, தோட்டம், வாகன நிறுத்தம், காத்திருப்பு அறை எல்லாம் வரட்டும். ஆண்டாள் கோபுரம் மாதிரி முகப்பு வச்சா நானும் நின்னு போட்டோ எடுப்பேன்.

ஆனா ஒரு பயணி ஸ்டேஷனுக்கு வர்றது முகப்பைப் பார்க்க இல்ல, ரயில் ஏற. உயிர் போறதும் முகப்புல இல்ல, பிளாட்பார விளிம்புல. காசு வந்திருக்கிற நேரத்துலயே விளிம்பைக் கேட்டு வாங்கலைன்னா, அப்புறம் இன்னும் இருபது வருஷம் "அடுத்த திட்டத்துல பார்ப்போம்"தான்.

18.
பஸ்ஸை விட்டுட முடியுமா? நம்ம ரெண்டு ஊருக்கும் நடுவுல பத்து, பதினோரு கிலோமீட்டர். தினமும் ரயிலை விட பஸ்ல போறவங்கதான் பல மடங்கு. ஆடிப்பூரத்துக்கும், அமாவாசை பௌர்ணமிக்குச் சதுரகிரி போறவங்களுக்கும் பஸ்தான்.

2021-லிருந்து டவுன் பஸ்ல பெண்களுக்குக் கட்டணம் இல்ல. அருமையான திட்டம், என்கிட்ட வர்ற அம்மாக்கள் மாத்திரை வாங்க மறக்காம வர்றதுக்கு அதுவும் ஒரு காரணம். ஆனா டிக்கெட் இலவசமானாலும் படி இறங்கி வரல. பஸ் ஸ்டாண்டுக்கு வெளியில, நடு ரோட்டுல, சாக்கடை மூடி பக்கத்துல நிறுத்தினா அந்தப் படி இன்னும் அரை அடி உயரும்.

சென்னையில பல வருஷம் வழக்கு நடத்தினதுக்கு அப்புறம் 2024-ல தாழ்தளப் பஸ் வந்துச்சு. தரை உயரம் 40 சென்டிமீட்டர் அளவு, ஏறும் பக்கம் சாயவும் செய்யும். வழக்குப் போட்டது மாற்றுத்திறனாளிகள். ஏறி உட்கார்ந்து சுகமாப் போறது எல்லாரும். நம்ம டவுன் பஸ்ஸுக்கு அது எப்போ வரும்னு கேட்க ஆரம்பிக்கலாம். அதுவரைக்கும் ஓட்டுநர் அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள்: நடைமேடையை ஒட்டி நிறுத்துங்க. காசு செலவில்லாத தாழ்தளப் பஸ் அதுதான்.

19.
ரயிலுக்கு என்ன கேட்கலாம்? அஞ்சே அஞ்சு.

ஒண்ணு: பிளாட்பாரத்தோட முழு நீளமும் ஒரே உயரம், 84 சென்டிமீட்டர் வரைக்கும். முடியாத இடத்துல ஹாரிங்டன் மாதிரி மேடு.

ரெண்டு: பெட்டி எங்க நிக்கும்னு காட்டுற பலகை, எல்லா வண்டிக்கும், சரியா. அந்த அம்மாவோட ஓட்டத்தை இது ஒண்ணே நிறுத்தியிருக்கும்.

மூணு: விளிம்பு முழுக்க மஞ்சள் பட்டை, புடைப்பு ஓடு, ராத்திரி கடைசிப் பெட்டி வரைக்கும் வெளிச்சம்.

நாலு: ஸ்டேஷனுக்கு ஒரு நகர்த்துற சாய்தளமும், சக்கர நாற்காலியும், அதைத் தள்ள ஒரு ஆளும். பூட்டின அறைக்குள்ள இருக்கிற சக்கர நாற்காலியை நான் கணக்குல சேர்க்கல.

அஞ்சு: கூட்டம் அதிகமா ஏறுற வண்டிகளுக்கு இன்னும் ஒரு நிமிஷம் நிறுத்தம். ஒற்றைப் பாதையில எதிர் வண்டிக்காக வழியில காத்து நிக்கிறோமே, அதுல ஒரு நிமிஷத்தை பிளாட்பாரத்துல குடுங்க.

20.
யார்கிட்ட கேட்கிறது? நம்ம ஊர்ல இதுவே ஒரு குழப்பம். மாவட்டம் விருதுநகர். மக்களவைத் தொகுதி தென்காசி. ரயில்வே கோட்டம் மதுரை. அதனால ஒருத்தர்கிட்ட போனா இன்னொருத்தரைக் கைகாட்டுவாங்க. மூணு பேருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்க.

139 எண்ணுலயும் ரயில்மதத் செயலியிலயும் புகார் குடுத்துப் புகார் எண்ணைக் குறிச்சு வைங்க. மதுரைக் கோட்டத்துல பயணிகள் ஆலோசனைக் குழு இருக்கு, அதுல நம்ம பகுதியில இருந்து யார் உறுப்பினர்னு விசாரிங்க. அரிமா, ரோட்டரி, வர்த்தக சங்கம், மில் தொழிற்சங்கம் எல்லாரும் புது ரயில் கேட்டு மனு குடுக்கிறாங்க. அதே மனுவுல இந்த அஞ்சையும் சேருங்க. புது ரயில் வந்தாலும் பழைய படியிலதான் ஏறணும்.

21.
அதுவரைக்கும் நம்ம கையில இருக்கிறது. வீட்டுப் பெரியவங்களுக்குச் சொல்லிக் குடுங்க.

ஏறும்போது வலி இல்லாத கால் முதல்ல. இறங்கும்போது வலிக்கிற கால் முதல்ல.

ரெண்டு கையும் கம்பிக்குத்தான். பையை இன்னொருத்தர் பின்னால ஏத்தட்டும்.

இறங்கும்போது பெட்டியைப் பார்த்தபடி, ஏணியில இறங்குற மாதிரி இறங்கணும்.

வண்டி வர்றதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே எந்திரிச்சு நிக்கணும். உட்கார்ந்த இடத்துல இருந்து நேரா ஓடக்கூடாது.

தேஞ்ச ரப்பர் செருப்பு வேணாம். பின்பட்டை வச்சது போடுங்க.

பைஃபோகல் போட்டவங்க கண்ணாடியோட மேல்பகுதி வழியா படியைப் பார்க்கணும். அதுக்குத் தலையை நல்லாக் குனியணும்.

நகர்ற வண்டியில ஏறவே கூடாது. வண்டி போனா போகட்டும். இதை மகனும் மகளும் போன்ல வாய்விட்டுச் சொல்லணும்: "விட்டுட்டா பரவாயில்லம்மா, அடுத்ததுல வா." பாதி அவசரம் அங்கயே குறையும்.

22.
யாராவது விழுந்துட்டா?

இடுப்பு, தொடை வலின்னு சொன்னா கையைப் பிடிச்சு இழுத்து நிக்க வைக்காதீங்க. எண்ணெய் போட்டு நீவாதீங்க. ஆபரேஷன் தேவைப்படலாம், அதனால சோடா, காபி குடுக்காதீங்க. 108 கூப்பிடுங்க. பலகை மாதிரி நேராப் படுக்க வச்சுத் தூக்குங்க.

ரத்தம் பீறிட்டா சுத்தமான துணியை வச்சு விடாம அழுத்துங்க. கை, கால், விரல் துண்டாகியிருந்தா, அந்தப் பாகத்தை ஈரத் துணியில சுத்தி, பிளாஸ்டிக் பையில போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணிக்குள்ள வச்சு ஆளோடயே அனுப்புங்க. ஐஸ் கட்டி நேரா அது மேல படக்கூடாது.

ஒருத்தர் இடைவெளியில விழுந்துட்டார், வண்டி நகருதுன்னா சங்கிலியை இழுங்க. நியாயமான காரணம் இல்லாம இழுத்தாத்தான் குற்றம். ஒரு உயிரை விட நியாயமான காரணம் கிடையாது.

23.
கடைசியா, அந்த அம்மா.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. வாக்கர் வச்சு நடக்கிறாங்க. காதுகுத்தை வீடியோ கால்ல பார்த்தாங்க. போன வாரம் தையல் போட்ட இடத்தைக் காட்ட வந்தப்போ கேட்டாங்க:

"பொங்கலுக்காவது ரயில்ல போய்ப் பேத்தியைப் பார்த்துட்டு வரலாமாய்யா?"

"தாராளமாப் போகலாம்மா. ரெண்டு பேர் தூக்கி ஏத்திவிடணும், அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க, "தூக்கி ஏத்தணும்னா வேணாம்யா. அவங்களே வரட்டும்."

எலும்பை நாங்க சேர்த்துட்டோம். ஆனா அவங்க இனி ரயில் ஏறமாட்டாங்க. அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல. மருந்து பிளாட்பாரத்துலதான் இருக்கு.

உங்க ஊர் ஸ்டேஷன்ல விளிம்பு எப்படி இருக்குன்னு அடுத்த தடவை ஏறும்போது பாருங்க. ஒரு போட்டோ எடுங்க. 139-க்கு ஒரு புகார் குடுங்க. புகார் எண்ணை இந்த இழைக்குக் கீழ போடுங்க, எல்லாத்தையும் சேர்த்து ஒரே மனுவா மதுரைக்கு அனுப்புவோம்.